குத்தூசி படாத மூட்டை

இடுப்பெலும்பில் ஊசி இறங்கும் நேரத்தில் அவரவர் தங்கள் சாமியைக் கூப்பிடுவதுதான் வழக்கம். அந்தக் கட்டிலில் குப்புறப் படுத்தவர்கள் வாயிலிருந்து டாக்டர் செங்கோட்டுவேல் எத்தனையோ சாமிகளின் பெயரைக் கேட்டிருக்கிறார். தெய்வாத்தாள் எந்தச் சாமியையும் தொந்தரவு செய்யவில்லை.

“ஏனுங் டாக்டர், எத்தன எடத்துல குத்துவீங்?” என்றார்.

“ஒரே இடந்தானுங்க.”

“ஒரு குத்துல மூட்ட பூராவும் தெரிஞ்சுருமுங்களா? எங்க மார்க்கெட்ல வாயில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு குத்திப் பாக்காம எவனும் வெலையே சொல்ல மாட்டான்.”

சிரிப்பில் கை ஆடிவிடாமல் இருக்க டாக்டர் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தெய்வாத்தாள் ஈரோட்டுப் பக்கம் எள் மண்டி வைத்திருப்பவர். எள் மூட்டையைச் சோதிக்கக் குத்தூசி என்று ஒன்று உண்டு. கூரான நுனியும் பள்ளமான நடுவும் கொண்ட இரும்பு ஊசி. மூட்டையைப் பிரிக்காமலே செருகி உருவினால் உள்ளே இருக்கும் சரக்கு உள்ளங்கைக்கு வழிந்து வந்துவிடும். வாயில் நல்ல எள்ளையும் அடியில் மண் கலந்த எள்ளையும் வைத்துத் தைக்கிற கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத தொழில் அது. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு மார்க்கெட்டில் ‘ஜோடிப்பு’ என்று பெயர். தெய்வாத்தாள் மண்டி முத்திரை விழுந்த மூட்டையில் மட்டும் எந்த வியாபாரியும் குத்தூசி போட்டதில்லை. போட்டால் அது சரக்கைச் சந்தேகிப்பதாகாது, அந்தம்மாளின் முகத்தில் துப்பியதாகும். அவர் சேர்த்து வைத்திருந்ததில் வீடு, தோட்டம், கிடங்கு எல்லாம் அப்புறம். குத்தூசி படாத மூட்டை என்ற பேர்தான் முதல் சொத்து.

“இத்தன வருசம் காப்பாத்தி வெச்சிருந்தேன். இன்னிக்கு என்னையே குத்திப்போட்டீங்க,” என்று எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகினார். “சரி விடுங். சரக்கு எப்படி?”

“எண் வரட்டும், சொல்றேன்.”

செவிலியர் கொண்டுவந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தெய்வாத்தாள் முகத்தைச் சுளித்தார். “சர்க்கரைய அள்ளிக் கொட்டிருக்கீங்களேம்மா! எனக்கு இனிப்பு ஆகாது கண்ணு. எள்ளு விக்கிற பொம்பள, எள்ளுருண்டைய வாயில வெச்சதில்லன்னா நம்புவியா?”

அவருடைய கணவர் மாரப்பன் அந்த டீயை வாங்கி ஒரே மடக்கில் முடித்தார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் குடித்த இனிப்பெல்லாம் அப்படி வந்ததுதான்.

எண் என்றால் தன்னுண்ணல் எண். தீவிர ரத்தப் புற்றுநோய் வந்தவர்களை மருத்துவமனை வாசலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிற அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர் வேறு யாருமில்லை, இதே செங்கோட்டுவேல்தான். கோயம்புத்தூரில் உட்கார்ந்து அவர் எழுதிய சூத்திரத்தை இப்போது நாடு முழுக்க ஒப்புக்கொண்டாகிவிட்டது. நோயை அடியோடு மாற்றுகிற செல் சிகிச்சைக்கு மாதாமாதம் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் கூட்டம். ஐம்பதுக்குக் கீழே எண் உள்ளவர்களுக்கு இடம். மேலே உள்ளவர்களுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வார்டு. சிபாரிசு கிடையாது, கைநீட்டல் கிடையாது. அதில் டாக்டருக்கு ஒரு கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான். மந்திரியின் மைத்துனருக்கே ஒரு தடவை இடம் கிடைக்காமல் போயிருக்கிறது.

எண் வந்த அன்று தெய்வாத்தாளும் மாரப்பனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்க என்ன இருக்கும்னு நெனைக்கறீங்க?” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

தெய்வாத்தாள் அவரை உற்றுப் பார்த்தார். “ஏனுங், உங்கப்பா என்ன சோலி பண்ணுனாரு?”

“ஏன் கேக்கறீங்க?”

“மொதல்ல எதிராளிய வெல சொல்ல வெக்கிறீங்களே. இது காலேஜ்ல சொல்லித் தர்ற பழக்கமில்லையே.”

செங்கோட்டுவேல் பல வருடங்களாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். “மாட்டுத் தரகுங்க. சந்தையில துண்டு போட்டு வெரலப் புடிச்சு வெல பேசறவரு.”

“அப்படிச் சொல்லுங்! அதுக்கு ஏன் கொரல எறக்கறீங்? அந்தத் துண்டுக்கடியில நடக்கற யோக்கியம் கோர்ட்டுல நடக்குமுங்களா? ஒருத்தன் வெல இன்னொருத்தனுக்குத் தெரியாது. வெளிய வந்து எவனாவது சொல்லிருக்கானா? எங்க எள்ளுக்கும் முன்னால அப்படித்தான் இருந்துச்சு.”

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “நாப்பத்தொண்ணு. உங்களுக்கு இடம் உறுதி.”

மாரப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். தெய்வாத்தாள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “அதென்னங் கணக்கு? எதை வெச்சு நாப்பத்தொண்ணு?” என்றார்.

“கெட்டுப்போன ரத்த செல்லு இருக்குதில்லைங்க, அதை மருந்து போட்டுப் பட்டினி போடறோம். அப்ப சில செல்லு என்ன பண்ணும்னா, தன் ஒடம்புலயே பழசு பட்டதைப் பிச்சுத் தின்னு உசுரைப் புடிச்சுக்கும். வியாபாரம் படுத்தா, கடையில இருக்கற மேசை நாற்காலிய ஒடைச்சு அடுப்பெரிச்சுட்டாவது கடையத் தொறந்து வெச்சிருப்பான் பாருங்க ஒருத்தன், அந்த மாதிரி.”

“ஐயோ, அவன்கூடப் போட்டி போட முடியாதுங். நம்ம பவானிக்கார ஆளு ஒருத்தன் அப்படித்தான்.”

“அந்தத் தன்னையே திங்கற வேலைய நடத்தற மரபணு எவ்வளவு மும்முரமா இருக்குதுன்னு அளக்கறோம். மும்முரமா இருந்தா எண் ஏறும். செல் சிகிச்சை குடுத்தாலும் அது தப்பிச்சுக்கும்.”

“என்ற செல்லு சோம்பேறிங்கறீங்க.”

“ஆமாங்க.”

“எங்கூட இத்தன வருசம் இருந்துட்டு ஒரு சோம்பேறியா!” என்று தெய்வாத்தாள் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வெளியே பெஞ்சில் ஜமால் மைதீன் உட்கார்ந்திருந்தார். சத்தியமங்கலத்துக்காரர், சரக்கு லாரி டிரைவர். எலும்பில் ஊசி குத்திக்கொண்ட அன்றைக்கே தெய்வாத்தாளோடு பழக்கமாகியிருந்தார். “உங்க மண்டி மூட்டைய நான் ஏத்திருக்கேங்க்கா. எறக்கற எடத்துல குத்தூசியே எடுக்க மாட்டாங்க,” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகவே தெய்வாத்தாள் அவரைத் தம்பி முறையாக்கிக்கொண்டிருந்தார். இப்போது அவர் எழுந்து நின்று சிரிக்கப் பார்த்தார்.

“எனக்கு அறுவத்தேழுங்க்கா.”

தெய்வாத்தாள் டாக்டர் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மாரப்பனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

எல்லோருடைய எண்ணும், சிகிச்சைக்கு இடம் ஒதுக்குகிற வாரியத்தின் பலகையில் ஏறிவிடும். ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒளிவுமறைவு இல்லாமல் போனதில் ஊருக்கு வேலை சுலபமாயிற்று. தெய்வாத்தாளைப் பார்க்க ஆப்பிள் பையோடு மார்க்கெட்டே திரண்டு வந்தது. எண் வருகிறவரை தலையைக் காட்டாத சம்பந்தி வீட்டார் இரண்டு காரில் வந்தார்கள். கோயில் கமிட்டிக்குத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஜமாலுக்கு வேறு விதம். லாரி முதலாளி வீட்டுக்கே வந்து, தோளில் கைபோட்டு, டீ குடித்து, போகும்போது சாவியை வாங்கிக்கொண்டு போனார். மகளுக்குப் பேசியிருந்த இடத்திலிருந்து போன் வருவது நின்றது. பலசரக்குக் கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம், “ஜமால் தங்கமான மனுசனாச்சே, ஒரு வம்புதும்புக்குப் போனதில்ல, அப்படி இருந்தாரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜமால் அப்போது அதே கடையில் பருப்பு வாங்கிக்கொண்டு நின்றார்.

வலி வார்டைப் பற்றி ஜமாலுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை டாக்டருடையது. அறையில் வைத்துச் சொன்னால் தீர்ப்புப் போல ஆகிவிடுகிறது என்று கேன்டீனுக்கு அழைத்துப்போய் இரண்டு டீ சொன்னார்.

“எனக்கு வேண்டாங்க டாக்டர். நோன்பு.”

“நோன்பா? இந்த ஒடம்போடயா? எப்ப இருந்து?”

“பிறை பாத்ததுல இருந்துங்க. நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு எங்க பள்ளிவாசல் அஜ்ரத்தும் சொன்னாருங்க. மனசு கேக்கலை. ஊசி குத்துன அன்னிக்கே நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லாம விட்டேன்.”

டாக்டரின் கை டம்ளரைத் தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

பட்டினி கிடக்கிற உடம்பு தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நோய் செல் மட்டுமில்லை, எல்லா செல்லும். அதை நடத்துவதும் அதே மரபணுக்கள்தான். மருத்துவம் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த பாடம். அவருக்குத் தெரியாததா? தெரியும். ஊசிக்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மட்டும் அவருடைய சூத்திரம் யாரிடமும் கேட்டதில்லை.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, பழைய எண்களையெல்லாம் ஊர் வாரியாக அடுக்கச் சொன்னார். திரையில் வந்த படத்தில் ஊர் ஊராக விரலை ஓட்டினார். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எண் குறைவு. தூரம் போகப் போக எண் ஏறிக்கொண்டே போனது. தாளவாடி, கொல்லிமலை, வால்பாறை. மலையில் இருப்பவர்களுக்கு வருவது இன்னும் மூர்க்கமான நோய் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதற்குப் பொன்னாடையும் போர்த்தியிருந்தார்கள். மலையிலிருந்து வருகிறவன் முந்தின நாளே பஸ் ஏறுகிறான், டோக்கன் போய்விடும் என்று பயந்து சாப்பிடாமல் வரிசையில் நிற்கிறான். அவருடைய எண் அளந்தது நோயின் மூர்க்கத்தை மட்டுமில்லை, அவன் வயிற்றையும் சேர்த்துத்தான்.

வாரியச் செயலாளர் திலகராஜனைச் சென்னையில் போனில் பிடித்தார்.

“சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா ஒருத்தர் கேட்டார்னு மறுசோதனை கிடையவே கிடையாது. நீங்கதானே சார் அந்த விதியைப் போட்டீங்க? குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு எண்ணைக் குறைச்சுக்கிட்டு வந்தாங்களே பெரிய ஆளுங்க, அப்போ.”

“தெரியும். ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சா?”

“தாராளமா பண்ணுங்க. குழு போடுவாங்க. ஒரு வருஷத்துல அறிக்கை வந்துரும்.”

ஜமாலிடம் ஒரு வருடம் இல்லை.

மறுநாள் தெய்வாத்தாள் சிகிச்சைக்குப் படுக்கை குறித்துக்கொள்ள வந்தார். வந்ததும் வராததுமாக, “என்னுங் டாக்டர், மூஞ்சி வெல விழுந்த மாதிரி கெடக்குது?” என்றார்.

சொல்லக்கூடாது என்றுதான் டாக்டர் நினைத்தார். ஆனால் பேரத்தில் பிறந்த ஆளிடம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு பதில்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“அப்ப ஜமாலுக்கு வந்தது அவன் எண்ணு இல்ல, அவன் நோன்போட எண்ணு.”

“இருக்கலாம். மறுபடி அளந்தாத்தான் தெரியும். அவருக்கு மட்டும் தனியா அளக்க விதி இல்லை.”

“சாப்பிட்டா கொறையும், பட்டினி கெடந்தா ஏறும். சரிதானுங்?”

“கிட்டத்தட்ட.”

“எங்க மார்க்கெட்ல ஒரு மொற இருக்குதுங். ஏலம் முடிஞ்ச பொறகு ஒரு மூட்டையில ஜோடிப்புன்னு தெரிஞ்சா அந்த மூட்டைய மட்டும் தள்ள மாட்டாங்க. அந்த லாட்டு மொத்தமும் மருக்காக் குத்தோணும், மருக்கா ஏலம் போகோணும். ஜோடிச்சவன் சரக்கு கடைசிக்குப் போயிரும். உங்க வாரியத்துல அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

செங்கோட்டுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த விதியை எழுதும்போது சந்தை ஞாபகத்தில்தான் எழுதினாரோ என்னவோ. “இருக்கு. ஒருத்தர் மாதிரியை ஏமாத்திக் குடுத்தது தெரிஞ்சா, அந்த மாசத் தொகுதி பூராவும் மறுசோதனை. ஏமாத்தினவர் வரிசையில கடைசி. அடுத்த ரெண்டு தொகுதி முடியற வரைக்கும் அவருக்கு இடம் கிடையாது. ஆனா யாரு அப்படி வந்து ஒத்துக்குவாங்க?”

“நான் இருக்கறனே,” என்றார் தெய்வாத்தாள்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சூடாயிற்று.

“நீங்களா?”

“ஊசிக்கு முந்தி வயிறு முட்டத் தின்னுட்டு வந்தேனுங். எங்கயோ கேள்விப்பட்டேன். வியாபாரிக்கு சாம்பிள ஜோடிக்காமக் குடுத்தாத் தூக்கம் வருமுங்களா?”

அந்த நிமிடத்தில் டாக்டருக்கு வந்தது கோபம்தான். அவருடைய எண்ணை ஏமாற்றியதற்காகக் கூட இல்லை. ‘குத்தூசி படாத மூட்டை’ என்று இந்த அம்மாள் இத்தனை நாளாக மார் தட்டியதை அவரும் நம்பி, வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருந்தார். மாரப்பன் வாயைத் திறந்தார். தெய்வாத்தாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாரப்பன் வாயை மூடிக்கொண்டார்.

விசாரணைக்குத் திலகராஜன் நேரிலேயே வந்தார். நீள மேசையின் ஒரு பக்கம் வாரியத்தார் மூன்று பேர், மறுபக்கம் தெய்வாத்தாள். பட்டுச் சேலை, மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர் போல இல்லை, கொள்முதலுக்கு வந்தவர் போல இருந்தார்.

“மாதிரி எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?”

“எள்ளுருண்டைங். கருப்பட்டி போட்டுப் புடிச்சது. ஒரு தட்டம் நெறைய. அதுக்கு மேல கரும்புச்சாறு. அதுக்கு மேல பேரீச்சம்பழத்தைத் தேன்ல ஊற வெச்சு…”

“போதும், போதும்.” திலகராஜனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. “இதெல்லாம் செஞ்சா எண் குறையும்னு தெரிஞ்சே செஞ்சீங்களா?”

“தெரியாமச் செய்யறதுக்கு எனக்கென்ன பைத்தியமுங்களா?”

“இதனால உங்க இடம் போயிடும். தெரியுமில்ல? அதுக்குள்ள நோய் முத்திட்டா அப்புறம் எண் எவ்வளவு குறைஞ்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.”

“தெரியுமுங்.”

“அப்புறம் ஏன் இப்ப வந்து சொல்றீங்க? மனசாட்சியா?”

தெய்வாத்தாள் கொஞ்சம் யோசித்தார். “சார், தராசு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. சரியில்லாத தராசுல எனக்கு வந்த லாபத்த நான் மடியில கட்டிக்கிட்டுப் போனா, எனக்குப் பக்கத்துல நின்னவன் நட்டத்துல எனக்கும் பங்கு உண்டு. எங்க மண்டியில அப்படி ஒரு பழக்கம் இல்லீங். மருக்கா நிறுங். எல்லாத்தையும் நிறுங். ஒரே மாதிரி சோறு போட்டு, ஒரே நேரத்துல நிறுங்.”

“சோறா?”

“பின்ன? பசியில இருக்கறவன் சரக்க எவன் சரியா வெல போடுவான்? அதையும் எழுதிக்குங். ஊசிக்கு முந்திச் சோறு. வாரியத்துல போட வசதியில்லைன்னா சொல்லுங், அரிசி மூட்ட எங்க கெடங்குல இருந்து வரும்.”

வாரியத்தார் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சோறு போட வசதியில்லை என்று எழுதிக்கொடுக்கிற வாரியம் உலகத்தில் கிடையாது. பேரம் அங்கேயே படிந்துவிட்டது. வெளியே போகும்போது திலகராஜன் டாக்டரிடம், “என்னா பொம்பளை சார்! தப்பு பண்ணிட்டு வந்து நமக்கே கண்டிஷன் போடுது,” என்றார்.

மருத்துவமனையின் பின்கட்டில் பந்தல் போட்டு, சோறும் பருப்பும் கீரைக் கடைசலும் பரிமாறி, அந்தத் தொகுதி முழுவதற்கும் மறுபடி ஊசி குத்தினார்கள். நோன்பு மாதம் அதற்குள் முடிந்திருந்தது. ஜமால் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய எண் அறுபத்தேழிலிருந்து நாற்பத்து நான்குக்கு இறங்கி நின்றது. அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் கோட்டுக்குக் கீழே வந்தார்கள். ஒருவருக்கு மேலே போனது. அவர் நிஜமாகவே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்று பேச்சு; நிரூபிக்கத்தான் வழியில்லை.

ஒரு தொகுதி திறந்ததும் வாரியம் பழைய தொகுதிகளையும் திறக்க வேண்டியதாயிற்று. தமக்குப் பொன்னாடை வாங்கித் தந்த கட்டுரையைச் செங்கோட்டுவேல் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு, வலி வார்டுகளில் இருந்த ஒவ்வொருவருக்கும் தாமே போன் போட்டார். சில வீடுகளில் நோயாளியே எடுத்துப் பேசினார். சில வீடுகளில் மகனோ மருமகளோ எடுத்து, “அவங்க இல்லீங்களே,” என்றார்கள். அந்தப் போன்களைத் தன் உதவியாளர் யாரையும் அவர் செய்ய விடவில்லை.

ஏமாற்றியவர் மாதிரியைக் கடைசியில்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு தொகுதிகள் நகரும்வரை சாதாரண மருந்தைக் கொண்டு நோயைப் பிடித்து வைத்திருந்தார்கள். தெய்வாத்தாளின் முடி கொட்டியது. வாய் புண்ணாயிற்று. தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு, படுக்கையில் இருந்தபடியே போனில் எள் விலை பேசினார். அவருடைய முறை வந்தது. எல்லோருக்கும் போட்ட அதே சோறு, அதே பருப்பு, அதே ஊசி.

எண் திரைக்கு வந்தது. டாக்டர் பார்த்தார். பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

நாற்பத்தொன்று.

ஒரு தட்டம் எள்ளுருண்டையும் கரும்புச்சாறும் தேனும் தின்று குறைத்த எண் என்றால், பருப்புச் சோற்றுக்கு அது ஏறியிருக்க வேண்டும். இடையில் மருந்து வேறு ஏறியிருக்கிறது; அதற்காகவாவது கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட நகரவில்லை. குறைக்கப்பட்ட எண்ணாக அது என்றைக்குமே இருந்ததில்லை.

செங்கோட்டுவேலுக்கு அந்த முதல் நாள் டீ ஞாபகம் வந்தது. சுளித்த முகம். எள்ளுருண்டையை வாயில் வைத்ததே இல்லை என்றது. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைக்க வேண்டியும் இருந்தது.

வார்டுக்குப் போனபோது மாரப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றார் டாக்டர்.

“மார்க்கெட்டுக்குப் போயிருந்தேனுங்.” மாரப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பவானிக்காரன்… நம்ம மூட்டையில குத்தூசி போட்டானுங் டாக்டர். எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒருத்தன் ஏன்னு கேக்கல. ‘ஒடம்பு சாம்பிளையே ஜோடிச்ச அம்மிணி, எள்ளுல ஜோடிக்காதா’ங்கறான்.”

தெய்வாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எழுதப்போறேனுங்க,” என்றார் டாக்டர். “நீங்க எதையும் ஜோடிக்கலை. எண் அப்படியே இருக்கு. உங்க பேரு எனக்கு…”

“ஏனுங், அந்தத் துண்டக் குடுங்,” என்று தெய்வாத்தாள் கணவரிடம் கை நீட்டினார். வாங்கித் தன் வலக்கை மேல் விரித்துப் போட்டுக்கொண்டார். டாக்டரைப் பார்த்துக் கண்ணால் அழைத்தார்.

செங்கோட்டுவேல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். செவிலியர் யாரும் இல்லை. சின்ன வயதில் அப்பா செய்யக் கண்டதுதான்; அவர் தாமாக ஒருநாளும் செய்ததில்லை. துண்டுக்கடியில் கையை நுழைத்தார்.

சூடான, எலும்பு தெரிகிற விரல்கள். டாக்டரின் ஆள்காட்டி விரலை முதலில் பிடித்து மடக்கின. எழுதுகிற விரல்; எழுத வேண்டாம் என்று. அவர் அதை மறுபடி நிமிர்த்தினார். உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று. அந்தக் கை விடவில்லை. மறுபடி மடக்கியது, இம்முறை கொஞ்சம் அழுத்தி. அவருக்கும் தெரியும். தெய்வாத்தாள் ஏமாற்றவில்லை என்று ஒரு வரி எழுதினால் மறுசோதனைக்கே காரணம் இல்லாமல் போய்விடும். வாரியத்து வக்கீல்கள் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். லாட்டு மொத்தமும், அதைக் காட்டித் திறந்த பழைய தொகுதிகளும் திரும்பிவிடும்; இன்னும் முறைக்குக் காத்திருப்பவர்கள் மறுபடி வலி வார்டுக்குத்தான். ஜமால் இப்போது மேல்மாடியில், புது செல்கள் உடம்பில் ஓட, மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ரொம்ப நேரம் இரண்டு கைகளும் அங்கேயே இருந்தன. பிறகு டாக்டர் தன் ஐந்து விரலையும் தாமாகவே மடக்கிக் கொடுத்தார். அந்தக் கை அவற்றை மொத்தமாகப் பொத்தி ஒரு குலுக்குக் குலுக்கியது. சந்தையில் பேரம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

“உங்கப்பாரு நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்காரு,” என்று தெய்வாத்தாள் துண்டை உதறி மாரப்பன் தோளில் போட்டார். “நாளைக்குத்தானுங்க எனக்கு செல்லு ஏத்தறது?”

“நாளைக்குக் காலையில.”

“ஊசிக்கு முந்திச் சோறு உண்டில்ல?”

“உண்டுங்க. எல்லாருக்கும்.”

மாரப்பனுக்கு இன்னும் ஆறவில்லை. “பவானிக்காரன் நாளைக்கும் வருவானாம். இருக்கற மூட்டை அத்தனையும் குத்திப் பாத்துட்டுத்தான் எடுப்பானாம். நான் என்ன சொல்லட்டும்?”

தெய்வாத்தாள் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை இறுக்கிக் கட்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். மண்டித் திண்டில் சாய்ந்து உட்காருவது போலவே இருந்தது.

“குத்தட்டும். தடுக்காதீங். அடி வரைக்கும் குத்தச் சொல்லுங். எள்ளுதான் வரும்.”